ஏரியல் கம்பத்துக்கு ஆட்சேபணை

கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி வடக்கே இரண்டு மைல் நடந்தால் வரும் அந்த ஊரில் நான் பதினோரு வருஷம் குடியிருந்தேன். அதில் ஒன்பது வருஷம் அங்கே யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. அவர்களைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை. என்னைப் பற்றி எழுதவும் வரவில்லை.

அப்போது நான் திருவள்ளூரில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தேன். பகல் முழுக்க மோர்ஸ் சாவியில் கட்டுக்கடகடவென்று தட்டுகிற வேலை. மற்றவர்கள் ஆறு மணிக்கு அதைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார்கள். எனக்கு வீட்டுக்குப் போயும் அதைத் தட்ட வேண்டும். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன். சொந்தமாக ஒரு கருவி வைத்துக்கொண்டு, உலகத்தில் எந்த மூலையிலும் அதேபோல் லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருவரோடு பேசலாம். மூர் மார்க்கெட்டில் பழைய மிலிட்டரி ரிசீவர் ஒன்று கிடைத்தது. அனுப்புகிற கருவியை வால்வு, காயில், டிரான்ஸ்பார்மர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து நானே கட்டினேன். கருவி இருந்தால் போதாது. ஏரியல் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் டவுனை விட்டு அந்த ஊரில் ஐந்து சென்ட் நிலம் வாங்கி ஒரு ஓட்டு வீடு கட்டினேன். என் மனைவிக்கு இந்தக் காரணம் தெரியாது. நல்ல காற்றும் சொந்த வீடும் கிடைக்குமென்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

என் திட்டம் இதுதான்: மனையின் கிழக்கு ஓரத்தில் ஒன்று, மேற்கு ஓரத்தில் ஒன்று என்று நாற்பத்தைந்து அடியில் இரண்டு இரும்புக் கம்பங்கள். நடுவில் கம்பியைக் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கம்பத்தையும் மூன்று பக்கம் இழுவைக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். மேற்குக் கம்பத்தின் ஓர் இழுவைக் கம்பியை எங்கே அடித்தாலும் அது வரப்பை ஒட்டித்தான் வரும். வரப்புக்கு அந்தப் பக்கம் ஆறு ஏக்கர் நிலம் ஒருவருக்குச் சொந்தம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊர் முழுக்க அவரை நைனா என்று கூப்பிடும். நான் மட்டும் எப்படியும் கூப்பிட்டதில்லை.

டெல்லியிலிருந்து லைசென்ஸ் வந்துவிட்ட பிறகு இந்த ஊரில் யாரைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். எழுபதாம் வருஷத் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடப்பாரையை எடுத்து மேற்கு ஓரத்தில் குழி தோண்ட ஆரம்பித்தேன். இடுப்பளவு இறங்கியிருப்பேன், அவர் வரப்பின்மேல் வந்து நின்றார். கையில் மண்வெட்டி இருந்தது, மடை மாற்ற வந்திருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“இன்னா சார், கெணறா வெட்டிக்கினு கீறீங்க?”

இல்லை, கம்பம் நடப்போகிறேன் என்றேன். என்ன கம்பம், எதற்கு என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. சோம்பேறித்தனம்தான். அதனால் அப்படிச் சொன்னேன்.

“சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க.”

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. பிறகு, வரப்பு ரெண்டு பேருக்கும் பொது, அதில் எதையும் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பின்னால் சாலையில் அவருடைய இரண்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன். அவர்கள் முன்னால்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் என் மனைவி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அதுவரை அவர் வீட்டுக் கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு அம்மாள், இனிமேல் வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம். இனி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பொதுக் கிணற்றுக்குப் போக வேண்டும். போக முக்கால் மைல், வர முக்கால் மைல். எங்களுக்கு அப்போது ஒரு வயதுப் பெண் குழந்தை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு நடை நடந்தாள். ஆபீஸ் போவதற்கு முன்னால் நான் ஒரு நடை போயிருக்கலாம். முதல் வாரம் போனேன். அப்புறம் ரயிலுக்கு நேரமாகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் கட்டுமானம் செய்யக் கூடாது, பக்கத்து நில உரிமையாளர் ஆட்சேபணை தெரிவித்துள்ளார் என்று இருந்தது. லைசென்ஸை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். தலைவர் கமிஷன் மண்டி வைத்திருந்தார். இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது டெல்லிக்கு ஆகும், வரப்புக்கு ஆகாது என்றார். பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் தீர்மானம் போடுகிறேன் என்றும் சொன்னார். அவரிடம் போய்க் கேட்க எனக்கு மனமில்லை. சட்டப்படி வாங்கிக் காட்டுகிறேன் என்று சவாலாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு குமாஸ்தா வெகுநேரம் யோசித்தார். ரேடியோக் கம்பம் என்று அவரிடம் தலைப்பு இல்லை. வீடு, கொட்டகை, செங்கல் சூளை, இயந்திரம் என்றுதான் இருக்கிறது. கடைசியில் இயந்திரம் நிறுவுதல் என்ற காகிதக் கட்டில் சேர்த்தார். அந்தக் கட்டில் இருந்ததெல்லாம் மாவு மில் மனுக்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சுகாதார ஆய்வாளர் சைக்கிளில் வந்து இறங்கி, அரவைக் கல் எங்கே, தூசி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். நான் மேஜைமேல் இருந்த கருவியைக் காட்டினேன். குறிப்பேட்டில் ‘கல் இல்லை’ என்று எழுதிக்கொண்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதோடு கோப்பு நின்றுவிட்டது.

அனுமதி வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. இருபதடியில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, கம்பியைக் கட்டிக்கொண்டேன். அதற்கு யாரும் நோட்டீஸ் கொடுக்க முடியாது, துணி காயப்போட நட்டேன் என்று சொல்லிவிடலாம். இருபதடியில் சத்தம்தான் வந்தது, ஆள் வரவில்லை. கல்கத்தாவில் ஒருவர், கொழும்பில் ஒருவர், அவ்வளவுதான். சாயங்காலம் நான் சாவியைத் தட்டினால் தெருவில் போகிறவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். ஊரில் பேச்சு வேறு கிளம்பியது. என் கம்பி மேகத்தைக் கலைக்கிறது, அதனால்தான் திருத்தணிப் பக்கம் மழை, இங்கே இல்லை. அந்தச் சத்தத்தில் மாட்டுக்குப் பால் சுண்டுகிறது. டீக்கடை ரேடியோவில் கொரகொரவென்று வருவதும் என்னால்தான். இந்தக் கடைசி ஒன்று உண்மை. ஒரு வடிகட்டிக் காயிலை டீக்கடை ரேடியோவில் மாட்டினால் சரியாகிவிடும். போய் மாட்டித் தந்திருக்கலாம். அவர்களாக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் இடி விழுந்தது. என் வீட்டிலிருந்து மூன்று வயல் தள்ளி ஒரு பனைமரம் உச்சியிலிருந்து பிளந்து, அதற்குக் கீழே கட்டியிருந்த கன்றுக்குட்டி செத்துப்போனது. நான் ஆபீஸில் இருந்தேன். மழை விட்டதும் பதினைந்து இருபது பேர் என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். இடியை இழுத்தது கம்பிதான் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அரிவாளால் கம்பியை அறுத்து, இரண்டு கம்புகளையும் பிடுங்கிச் சாய்த்துவிட்டார். என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றிருக்கிறாள். வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. அவளை ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. கூட்டத்தில் அவர் இருந்தாரா என்றுதான் நான் முதலில் கேட்டேன். “குழந்தை பயந்துச்சான்னு கேளுங்க மொதல்ல” என்றாள். அவர் இருந்தாராம், சாலையிலேயே நின்றாராம்.

நான் கம்புகளை மறுபடி நட்டேன். மனுவின்மேல் மனு போட்டேன். யூனியன் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று என் லீவெல்லாம் அதற்கே போனது. வரப்பில் அவர் எதிரே வந்தால் ஒதுங்கமாட்டேன், அவரும் ஒதுங்கமாட்டார். ஒருமுறை இருவரும் எதிரெதிரே நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனோம்.

அடுத்த வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தது. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிளும். பொதுமக்களிடமிருந்து புகார் வந்திருக்கிறது, யுத்தம் முடிகிற வரைக்கும் கருவி ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். நான் லைசென்ஸைக் காட்டினேன். உங்களைத் தப்பாகச் சொல்லவில்லை சார், மேலே கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். ரசீது எழுதிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் இரண்டு வருஷம் நான் கையால் கட்டிய கருவியைக் கான்ஸ்டபிள்கள் சாக்குப்பையில் சுற்றி ஜீப்பில் ஏற்றியதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வரப்பின்மேல் தோளில் துண்டோடு நின்று பார்த்தார். புகார் கொடுத்தது அவர்தான் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். வேறு யாராகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவரிடம் இரண்டு கிணறுகள் இருந்தன. வீட்டோரக் கிணற்றுக்குத்தான் மின்சார இணைப்பு. தாழ்வான இரண்டு ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்ச, பனங்கம்புகளை நட்டு அதன்மேல் கம்பி இழுத்து இரண்டாவது கிணற்றில் இன்னொரு மோட்டார் போட்டிருந்தார். அது விதிப்படி கூடாது. அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். நான் இடது கையால் ஒரு கடிதம் எழுதினேன். சர்வே நம்பர், மோட்டாரின் குதிரை சக்தி, கம்பி போகிற வழி எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி, பொதுநல விரும்பி என்று போட்டு, அரக்கோணத்துக்குப் போன ஒருநாள் அங்கே தபாலில் சேர்த்தேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் மின்சாரத்துறை ஆட்கள் வந்தார்கள். இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். சம்பா கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வருஷம் கார்த்திகையிலேயே மழை நின்றுவிட்டது, கிணற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. அவர் ஆயில் என்ஜின் வாடகைக்கு அலைந்தார், கிடைக்கவில்லை. அவரும் அவர் மனைவியும் ஆட்களும் தகரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். இரண்டு ஏக்கருக்குத் தகரத்தில் ஊற்றினால் எங்கே காணும். மூன்று வாரம் கழித்து இணைப்பு வந்தபோது தாழ்ந்த வயல் பதராகிப் போயிருந்தது. மாட்டுக்கு வைக்கோல் ஆகட்டும் என்று அறுத்தார்கள். இதையெல்லாம் நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஒரு நாளல்ல, மூன்று வாரமும் இருந்தது.

மாசி முடிவில் ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார்கள், கருவியைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்று. ஏட்டு ஒரு கோப்பைப் பிரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அந்தத் தாளோடு ஒரு போஸ்ட் கார்டு குத்தியிருந்தது. அதில் இருந்தது எனக்கு இன்றும் மனப்பாடம்.

‘ஐயா, தந்தி ஆபீஸ்காரர் வீட்டில் செய்தி அனுப்பும் மிஷின் உள்ளது. லைசென்சு உள்ளது. தப்பான ஆள் இல்லை. இருந்தாலும் யுத்த காலம் ஆகையால் எடுத்துப் போய் வைத்துக்கொள்ளவும். ஊர் ஜனங்கள்.’

வரிகள் கார்டின் ஓரம் வரைக்கும் ஓடி, இடம் போதாமல் கடைசி எழுத்துகள் கீழே மடங்கி இறங்கியிருந்தன. பொன்னேரியில் இருக்கும் தன் அம்மாவுக்கு என் மனைவி எழுதுகிற ஒவ்வொரு கார்டும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கார்டுகளை வாங்கிக் கொடுப்பதும் நான்தான்.

ஏட்டு பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போட்டேன். கருவியை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கார்டைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“நான்தான் போட்டேன். ரெண்டு வருசமா நாலு நட நடக்கறேன். நீங்க ரயிலேறிப் போயிட்றீங்க, இந்தத் தெருவுல நான்தான் இருக்கறேன். அத எடுத்துக்கினு போனா ஊரு கொஞ்சம் அடங்கும்னு பார்த்தேன்.”

எனக்கு வந்த கோபத்தில், உன்னால்தான் நான் அந்த ஆளுக்குக் கரண்ட் கட் செய்யவைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் மேல் பழியைப் போடுவதற்காகத்தான் சொன்னேன். முறம் அப்படியே நின்றது.

“அந்த வயலா? நான் செஞ்சதுக்கு அவுங்க வயல காய வெச்சீங்களா?”

மறுநாள் காலையில் நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லாவிட்டால் நான் போகிறேன். நான் போனால் ரெண்டையும் சொல்லுவேன். அவள் சொல்லக்கூடியவள். தன் மனைவியே போலீசுக்கு எழுதிப்போட்ட ஆள் என்று ஊர் சிரிக்கும். அதைத் தடுக்கத்தான் போனேன். மனசாட்சி என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

அவர் தொட்டியோரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக, நைனா என்று ஆரம்பித்தேன்.

“அந்தப் பேச்செல்லாம் வேணாம். வந்த வேலைய சொல்லு.”

சொன்னேன். கடிதம், இடது கை, அரக்கோணம் எல்லாம். அவர் மாட்டின் கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். ஏன் எழுதினாய் என்று கேட்டார். போலீசுக்கு நீங்கள் புகார் கொடுத்தீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

“நானு? எனக்கு ஒரு எழுத்து தெரியாதுய்யா. ரேகதான் வெப்பேன். பஞ்சாயத்து புஸ்தகத்துல கூட ரேகதான் வெச்சிருக்கறேன், போய் பாரு.”

நாலு வருஷம் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதருக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போது யார்தான் போட்டது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நம்பினாரா என்று சொல்ல முடியாது. என் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் நான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. மின்சாரத்துறைக்கு எழுதிப் போட்டது தன் பங்காளிதான் என்று அவர் நினைத்திருக்கிறார். இருவருக்கும் ஏற்கெனவே பாகத்தில் ஒரு மனத்தாங்கல். வயல் காய்ந்த ஆத்திரத்தில், டீக்கடையில் நாலு பேர் முன்னால் அந்த மனிதரைக் கை நீட்டி அடித்துவிட்டார். தம்பி முறை ஆக வேண்டியவர். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்துபோனது.

“என்கிட்ட மட்டும் சொன்னா ஆவாது. சபையில சொல்லு, அவன் இருக்கச்ச. அப்புறம் உன் கம்பத்துக்கு நான் ரேக வெக்கறேன்.”

கம்பத்துக்காக வரவில்லை என்றேன். “எதுக்கு வந்தியோ. எனக்கு இன்னா” என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் அறையில் கூட்டம் நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியிலும் நின்றார்கள். தலைவர் வேறு நாலு விஷயம் பேசி முடித்துவிட்டு, என்னைப் பார்த்தார். எழுந்து நின்று சொன்னேன். தந்தியில் சொல்வதுபோல் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பக்கத்து நிலத்துக்காரர் விடவில்லை. எந்தக் கையால் எழுதின, சொல்லு. எங்க போட்ட, சொல்லு. ஒவ்வொன்றாகக் கேட்டு என் வாயாலேயே சொல்லவைத்தார். பங்காளி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் முடித்ததும் எழுந்து வந்து, என் காலுக்கு ஒரு அடி தள்ளித் தரையில் துப்பிவிட்டு, அவரைப் பார்க்காமலே வெளியே போனார். பங்காளியின் பின்னாலேயே இவரும் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மசி டப்பாவை இழுத்து, பெருவிரலை ஒற்றி, ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்த தாளில் அழுத்தினார். விரலைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

“நட்டுக்கட்டும். வரப்புல ஒரு ஆணி வந்தாலும் புடுங்கிப் போட்ருவேன்.”

தீர்மானத்தின் நகல் ஆனியில் வந்தது. கோப்பு இன்னும் மாவு மில் கட்டிலேயே இருந்ததால், இயந்திரம் நிறுவ அனுமதி அளிக்கப்படுகிறது, பொது அரவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். வரப்பைத் தொடாமல் இருக்க மேற்குக் கம்பத்தை ஆறடி உள்ளே தள்ளி, உயரத்தை முப்பத்தெட்டு அடியாகக் குறைத்தேன். ஊரில் கூலிக்கு ஒருவரும் வரமாட்டேன் என்றார்கள். திருவள்ளூர் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்தேன். கம்பம் மேலே போகிறபோது வழக்கமாக வேடிக்கை பார்க்க நிற்பார்கள் அல்லவா, சின்னப் பிள்ளைகள்கூட நிற்கவில்லை. கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணைக்காரர் கிடைத்தார். என் சமிக்ஞை தெளிவாகக் கேட்கிறது என்றார். கம்பங்கள் எவ்வளவு உயரம் என்று கேட்டார், சொன்னேன். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி, தொந்தரவு செய்ய யாரும் கிடையாது என்று அனுப்பினார். ஆமாம் என்று தட்டிவிட்டு முடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் காத்திருந்த சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு மாதத்தில், அந்த வீட்டு அம்மாள் என் மனைவியைத் தண்ணீருக்குக் கூப்பிட்டாள். என் மனைவி கார்டு விஷயத்தை அவளிடம் சொல்லியிருப்பாள் என்று நான் நினைக்கிறேன். கேட்டதில்லை. அவளும் குழந்தையும் அந்த வீட்டுக்குப் போக வர இருந்தார்கள். பெரியபாளையத்துக்கு ஆடிமாதம் கூழ் ஊற்றப் போகும்போது அவர்கள் வண்டியிலேயே போனார்கள். பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். என்னோடு மட்டும் யாருக்கும் பேச்சில்லை. ரேடியோ அறைக்குள் என் மனைவி பெருக்கக்கூட வரமாட்டாள். நானே பெருக்கிக்கொண்டேன். எழுபத்தொன்பதில் எனக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வருகிற வரைக்கும் இப்படித்தான் இருந்தது. கம்பங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் போனோம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் இறந்துபோனார். வயலிலேயே மார்வலி. எனக்கு அது ஆபீஸில்தான் தெரிந்தது. காலை பதினொரு மணி இருக்கும், கவுண்டரில் அந்தப் பங்காளி வந்து நின்றார். இறந்தவருடைய மகன் பம்பாயில் வேலையில் இருந்தான், அவனுக்குத் தந்தி அடிக்க வேண்டும். கவுண்டரில் நான் இருப்பதைப் பார்த்தார். பாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். கவுண்டரை என்னிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்த என் சகா திரும்பி வருகிற வரைக்கும், இருபது நிமிஷம், வெயிலிலும் நிழலிலுமாக நின்றார். பிறகு அவரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போனார். சகா பாரத்தை என் பக்கம் தள்ளினார், அன்றைக்குச் சாவியில் என் முறை. நான்தான் அனுப்பினேன். பங்காளிக்கு அது தெரியாது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. என் மனைவி அங்கே போயிருந்தாள், பறைச் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நான் போகவில்லை. போயிருந்தால் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.